பில்ஸ்: நுரையும் கசப்பும் – வாசகர் கேள்வி பதில்

ஜெர்மன் பில்ஸ்னர் பீர் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஜெர்மனியில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை, "பில்ஸ்" என்றால் போதும். இங்கும் அப்படியே எழுதுகிறோம்.

கே: எஸ்ஸன் நகரில் ஒரு க்னைபேயில் (தெருமுனை மதுக்கடை) பில்ஸ் சொல்லிவிட்டு வெகுநேரம் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "நல்ல பில்ஸுக்கு ஏழு நிமிடம் ஆகும்" என்றார். உண்மையா? வீட்டில் பாட்டிலிலிருந்து ஊற்றவும் அத்தனை நேரம் வேண்டுமா?
– எஸ்ஸன் வாசகர்

ப: ஏழு நிமிடக் கணக்கு பழைய காலத்து மிச்சம். குளிர்ச்சியும் அழுத்தமும் சரியாக அமையாத குழாயில் பீர் வெறும் நுரையாகக் கொட்டும். அது அடங்க அடங்க ஊற்றி முடிப்பதற்குள் அவ்வளவு நேரம் ஓடிவிடும். இன்றைய குழாய்க்கு இரண்டு மூன்று நிமிடம் தாராளம். நிஜமாகவே ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டால், முதலில் விழுந்த பீர் வெதுவெதுப்பாகி, கரியமில வாயு போய், சப்பென்று ஆகிவிடும். இந்தப் பழமொழியை நம்பிப் பொறுமையாக நிற்கும் கடைக்காரரும் உண்டு. அவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

ஆனால் பழமொழிக்குள் ஓர் உண்மை இருக்கிறது. பில்ஸை ஒரே மூச்சில் ஊற்றக்கூடாது. மூன்று தவணையில் ஊற்ற வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். 0.33 லிட்டர் பாட்டில் ஒன்று, 0.3 லிட்டர் கோடு போட்ட, டூலிப் பூப்போல மேலே குவிந்த காலுள்ள கிளாஸ் ஒன்று. கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து உதறிக்கொள்ளுங்கள். ஈரமான சுவரில் பீர் வழுக்கி இறங்கும். உலர்ந்த சுவரில் உரசி வீணாக நுரைக்கும்.

கிளாஸை 45 பாகை சாய்த்து, பாட்டிலின் வாய் கிளாஸைத் தொடாமல், பாதிக்குச் சற்று மேல்வரை சுவரோரமாக ஊற்றுங்கள். பிறகு நிமிர்த்தி, நடுவில் விழும்படி ஊற்றினால் நுரை விளிம்புவரை ஏறும். அங்கே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் கை வைக்காதீர்கள். பெரிய குமிழ்கள் உடைந்து, மேலே உள்ளது பாலாடை போல இறுகும். அந்த இறுகிய நுரையின் நடுவில் மெல்லிய தாரையாக மீதியை விட்டால், அது நுரையைத் துளைத்துக்கொண்டு கீழே போக, மேலே உள்ளது விளிம்பைத் தாண்டிக் குவியும். வழியாது. டீ மாஸ்டர் ஆற்றும் டீயில் நுரை ஏன் நிற்கிறது, அவசரமாகக் கலக்கியதில் ஏன் நிற்பதில்லை என்று கவனித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

நுரை வெறும் அலங்காரம் என்று நினைத்து அதை வழித்தெறியச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஒரு கொடியின் பூ. அதன் கசப்புப் பொருள் பீரைவிட நுரையில்தான் அதிகம் சேர்கிறது. ஹாப்ஸின் வாசமும் அங்கிருந்துதான் மூக்குக்கு வருகிறது. ஊற்றும்போதே மிகுதி வாயு வெளியேறிவிடுவதால் வயிறும் உப்புவதில்லை. கிளாஸில் போட்டிருக்கும் கோடு அளவுக்கானது. பீர் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேலே நிற்க வேண்டும். நுரை அடங்கிய பிறகு கோட்டுக்குக் கீழே நின்றால், நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கே: நீங்கள் சொல்வதுபோலத்தான் ஊற்றுகிறேன். ஒரே நிமிடத்தில் நுரை காணாமல் போகிறது. பீர் பழையதா?
– டோர்ட்முண்ட் வாசகி

ப: பத்தில் ஒன்பது முறை குற்றவாளி கிளாஸ்தான். பார்லியிலிருந்து வரும் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் பின்னிக்கொண்டு குமிழின் தோலாக நிற்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி பட்டாலும் அந்தத் தோல் கிழிந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் சரியாக அலசப்படாமல் ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பளபளப்புக்காகச் சேர்க்கும் திரவமும் கண்ணாடியில் மெல்லிய படலத்தை விட்டுப்போகும்.

நம் வீட்டுச் சமையலறையில் நடப்பது இது: வடைச்சட்டியைத் தேய்த்த அதே நாரினால் பீர் கிளாஸையும் தேய்க்கிறோம். கண்ணுக்கு கிளாஸ் பளிச்சென்று இருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கிளாஸில் தண்ணீர் நிரப்பிக் கொட்டிவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். உட்சுவரில் தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். ஆங்காங்கே முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அந்த இடமெல்லாம் பிசுக்கு. ஈரமான உட்சுவரில் தூள் உப்பைத் தூவியும் பார்க்கலாம். உப்பு ஒட்டாத திட்டுகள் தனியாகத் தெரியும். பீர் ஊற்றிய பிறகும் கிளாஸே காட்டிக்கொடுக்கும். சுத்தமான கிளாஸில் குமிழ்கள் தங்கு தடையின்றி மேலே ஓடும். பிசுக்குள்ள கிளாஸில் சுவரில் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பீர் கிளாஸுக்கென்று தனி நார் அல்லது பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். சுடுநீரும் கொஞ்சம் திரவமும் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, கம்பித்தட்டில் கவிழ்த்து உலர விடுங்கள். துணியால் துடைத்தால் துணியின் பிசுக்கு திரும்பவும் ஏறும். அலமாரியில் விரிப்பின் மேல் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்று தேங்கி வாடை பிடிக்கும். ஊற்றுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை குளிர்ந்த நீர்.

கிளாஸ் சுத்தமாக இருந்தும் நுரை சரிந்தால் உதட்டைப் பாருங்கள். உதட்டுச் சாயம், முறுக்கு எண்ணெய், வறுத்த மீன் எண்ணெய் எல்லாம் முதல் வாயிலேயே நுரையைக் கலைத்துவிடும். ஒழுங்காகப் பருகிய பில்ஸ், ஒவ்வொரு வாய்க்கும் கிளாஸின் உட்சுவரில் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுச் செல்லும். காலி கிளாஸில் எத்தனை வளையம் என்று எண்ணினால் எத்தனை வாயில் குடித்தீர்கள் என்று சொல்லிவிடலாம்.

கே: பில்ஸ்னர் செக் நாட்டுப் பீர் என்கிறார்களே. பிறகு "ஜெர்மன் பில்ஸ்" என்று ஒன்று எப்படி?
– கோயம்புத்தூர் வாசகர்

ப: ஊர் செக் நாட்டில், முதன்முதலாகக் காய்ச்சிய கை பவேரியாவிலிருந்து. இரண்டும் சரி.

பொஹீமியாவின் பில்ஸன் நகரில் பீர் அவ்வளவு மோசமாக இருந்ததால், 1838-ல் நகர மன்றத்தின் முன்னால் 36 பீப்பாய்ப் பீரைத் தெருவில் கொட்டினார்கள். காய்ச்சும் உரிமை பெற்ற குடிமக்கள் ஒன்றுசேர்ந்து புது ஆலை கட்டினார்கள். பவேரியாவின் ஃபில்ஸ்ஹோஃபன் ஊரைச் சேர்ந்த யோசஃப் க்ரோல் என்பவரைக் காய்ச்ச அழைத்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் காய்ச்சியது அடுத்த மாதம் மக்களின் கைக்கு வந்தது. அதுவரை கருமையும் கலங்கலுமாக இருந்த பீருக்குப் பதில், பொன்னிறத்தில் தெளிவாக ஒன்று. பவேரியர்களின் குளிரில் புளிக்கும் ஈஸ்ட், மென்மையாக உலர்த்திய வெளிர்நிற மால்ட் (முளைகட்டிய பார்லி), ஸாட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ், பில்ஸனின் தாதுக்கள் மிகக் குறைந்த மென்னீர் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியதால் அது பிறந்தது.

குளிரில் புளிக்க வேண்டிய பீரைக் கோடையிலும் காய்ச்ச வேண்டுமானால் குளிர்பதன இயந்திரம் வேண்டும். 1870-களில் கார்ல் ஃபொன் லிண்டே மியூனிக்கில் அதைச் செய்து காட்டினார். அதன்பின் இந்தப் பாணி ஜெர்மனி முழுக்கப் பரவியது. 1872-ல் தொடங்கிய ராடபெர்க் ஆலை, பில்ஸ்னர் வகையை மட்டுமே காய்ச்சிய முதல் ஜெர்மன் ஆலை என்று பெயர் பெற்றது. பெயருக்காக வழக்கும் நடந்தது. பில்ஸன் ஆலை, பிட்புர்க் ஊரின் சீமோன் ஆலை மீது வழக்குப் போட, "பில்ஸ்னர்" என்பது ஊரை மட்டும் குறிக்கும் பெயர் அல்ல, பீரின் வகையையும் குறிக்கும் என்று 1913-ல் லைப்ட்ஸிக் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் செக் நாட்டில் பில்ஸன் நகரத்துப் பீரை மட்டுமே அந்தப் பெயரில் அழைப்பார்கள்.

வாயில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். பில்ஸனின் மூலப் பீர் 4.4 சதவீத ஆல்கஹால், சற்று அடர்ந்த பொன்னிறம். அரைத்த மால்ட்டும் சுடுநீரும் கலந்த கரைசலில் ஒரு பங்கை எடுத்துக் கொதிக்க வைத்துத் திரும்பச் சேர்ப்பதை அங்கே மூன்று முறை செய்கிறார்கள். அதனால் ரொட்டித் தோலின் இனிப்பு கிடைக்கிறது. கூடவே வெண்ணெயின் சாயலும் லேசாக வரும். ஜெர்மன் பில்ஸ் வைக்கோல் நிறத்தில், 4.8 அல்லது 4.9 சதவீதத்தில், மெலிந்த உடம்போடு இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையை அநேகமாக மிச்சம் வைக்காமல் தின்றுவிடுவதால் தொண்டையில் வறண்டு முடியும். செக் பீரில் கசப்பு இனிப்பின் மேல் சாய்ந்து நிற்கிறது. ஜெர்மன் பில்ஸில் அதற்குச் சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை, தனியாக நிற்கிறது. எங்களுக்கு அதுதான் அழகு. வெண்ணெய் வாசம் செக் பீரில் அளவோடு இருந்தால் குணம். ஜெர்மன் பில்ஸில் வந்தால் குறை: புளித்து முடிந்தபின் ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளச் சில நாள் அவகாசம் கொடுக்காமல் குளிர வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கே: முதன்முதலில் யெவர் குடித்தேன். மருந்துபோல் கசந்தது. கசப்பு குறைந்த பில்ஸ் உண்டா?
– ஸ்டுட்கார்ட் வாசகர்

ப: வடகடலோரத்து யெவர் ஊரில் 1848 முதல் இருக்கும் ஆலையின் பீர் அது. பெரிய ஆலைகளின் பில்ஸ்களில் கசப்பு மிகுந்தவற்றில் ஒன்று. நீச்சல் பழக வந்தவரை நேரே கிணற்றில் தள்ளிவிட்ட கதையாகிவிட்டது உங்களுக்கு.

பொதுவாக வடக்கே போகப் போகக் கசப்பு ஏறும், தெற்கே வர வர மால்ட்டின் மென்மை கூடும். நீங்கள் இருப்பது தெற்கில். கருங்காட்டின் ரோட்ஹவுஸ் ஆலையின் டானன்ஸெப்ஃப்லே உங்கள் ஊர்க் கடைகளிலேயே 0.33 லிட்டர் பாட்டிலில் கிடைக்கும். 5.1 சதவீதம், கொஞ்சம் உருண்டையான சுவை. அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்துக் க்ரோம்பாஹர், பிட்பர்கர் போன்ற நடுத்தரக் கசப்புக்காரர்கள். பிறகு ஃப்ளென்ஸ்பர்கர். கம்பி மூடியைத் தட்டினால் "ப்ளொப்" என்று சத்தம் வருமே, அது. கடைசியில் யெவருக்குத் திரும்புங்கள்.

கசப்பை அளக்கும் அலகு, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்புப் பொருள் என்பதை ஏறக்குறையச் சொல்லும். ஜெர்மன் பில்ஸுக்கு 22 முதல் 40 வரை வழக்கம். ஆனால் எண் மட்டும் நாக்குக்குப் போதாது. சல்பேட் உப்பு மிகுந்த தண்ணீரில் அதே 35 கூர்மையாக வெட்டும். மால்ட் இனிப்பு மிச்சமிருந்தால் அதே 35 அடங்கிப்போகும்.

குடிக்கும் விதமும் முக்கியம். முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சின்னதாக உறிஞ்சாமல், வாய் நிறைய எடுத்து விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ஹாலர்டாவ், டெட்னாங், ஷ்பால்ட் வட்டாரத்து ஹாப்ஸின் பச்சைப்புல், பூ, மிளகு வாசம் அப்போதுதான் தெரியும். பாகற்காயையும் வேப்பம்பூ ரசத்தையும் ரசிக்கும் நாக்கு இதற்குப் பழகச் சிரமப்படாது. மூன்றாவது வாய் வரும்போது கசப்பு நாக்கைச் சுத்தம் செய்து, அடுத்த வாயைக் கேட்கும். பெரிய ஆலைகள் பல, எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கடந்த சில பத்தாண்டுகளில் கசப்பைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. அது இழப்பு என்றே சொல்வோம்.

கே: பச்சை பாட்டிலில் வாங்கிய பீரில் ஒருவித நாற்றம். பச்சை பாட்டில் பீர் எல்லாம் அப்படித்தானா?
– சென்னை வாசகர்

ப: பீரில் கோளாறு இல்லை, வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள், பீரில் இயல்பாக உள்ள ரைபோஃப்ளேவின் எனும் பி2 வைட்டமினின் துணையோடு ஒளியில் உடைந்து, கந்தகம் கலந்த ஒரு பொருளாக மாறுகிறது. அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் திரவத்தின் வாடையோடு அதை ஒப்பிடுவார்கள். ஒரு லிட்டரில் நுண்ணளவு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சை கொஞ்சம்தான் தடுக்கும், நிறமற்றது தடுக்கவே தடுக்காது. பில்ஸில் ஹாப்ஸ் அதிகம் என்பதால் பாதிப்பும் அதிகம்.

ஒரே பாட்டிலை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை நிழலிலும் ஒன்றை வெயிலிலும் பத்து நிமிடம் வைத்து மோந்து பாருங்கள். ஆயுளுக்கும் மறக்காது. கடையில் ட்யூப்லைட்டின் கீழ் முன்வரிசையில் நிற்கும் பச்சை பாட்டிலை விட்டுவிட்டு, அட்டைப் பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் உட்கார்ந்து குடித்தால் கிளாஸ் நிழலில் இருக்கட்டும்.

கே: எத்தனை டிகிரியில் குடிக்க வேண்டும்? ஃப்ரீஸரில் வைக்கலாமா? எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?
– மதுரை வாசகர்

ப: 6 முதல் 8 டிகிரி செல்சியஸ். குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரி இருந்தால், வெளியே எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் ஐந்து நிமிடமே போதும். பனிக்கட்டி போலக் குளிர்ந்தால் நாக்கு மரத்து வாசம் அடைபட்டுப்போகும், நுரையும் எழும்பாது. பத்து டிகிரியைத் தாண்டினால் நுரை பொங்கி வழிந்து, கசப்பு சொரசொரவென்று தெரியும். கிளாஸை ஃப்ரீஸரில் வைத்து உறைபனி பிடிக்க வைப்பது பில்ஸுக்குப் பகை. பனி உருகிப் பீரில் கலக்கும், உறைந்த சுவர் தாறுமாறாக நுரைக்க வைக்கும்.

பாட்டிலை ஃப்ரீஸரில் மறந்துவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியில் உறையத் தொடங்கி, விரிந்து, பாட்டில் வெடிக்கும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. அரை லிட்டர் பாட்டில் இருபது நிமிடத்தில் தயார். தண்ணீர் இல்லாமல் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலை எல்லாப் பக்கமும் தொடாது, நேரம் இரட்டிப்பாகும்.

பில்ஸ் வைத்திருந்து குடிக்கும் சரக்கு இல்லை. முதலில் ஹாப்ஸ் வாசம் மங்கும், பிறகு ஈர அட்டைப்பெட்டி வாடை வரும். சூடு இதை விரட்டி நடத்தும். லேபிளில் உள்ள தேதிக்குள் இருந்தாலும், வெயிலில் கிடந்த பீர் கிழடுதான். நின்ற நிலையில், இருட்டில், குளிர்ச்சியில் வைத்து, வாங்கிய ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். இறக்குமதிப் பில்ஸைக் குடித்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நீண்ட பயணத்தில் களைத்த பீரைத்தான் குடித்திருக்கிறார்கள்.

கே: லேபிளில் 11.5 சதவீதம் என்று ஏதோ போட்டிருக்கிறது. அவ்வளவு ஆல்கஹாலா?
– ஹானோவர் மாணவர்

ப: இல்லை. அது "ஷ்டம்வூர்ட்ஸே". புளிக்கத் தொடங்கும் முன், 100 கிராம் மால்ட் சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருள் 11.5 கிராம் என்று பொருள். அந்த எண்ணை 0.4-ஆல் பெருக்கினால் கன அளவிலான ஆல்கஹால் சதவீதம் ஏறக்குறைய வந்துவிடும்: இங்கே 4.6. நன்றாகப் புளித்து வறண்ட பில்ஸில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆல்கஹால் அளவைத் தனியாகவும் லேபிளில் அச்சிட்டிருப்பார்கள்.

கே: நாங்கள் சைவம். பில்ஸில் அசைவப் பொருள் ஏதாவது சேர்க்கிறார்களா? தூய்மைச் சட்டம் என்கிறார்களே, அது என்ன?
– பெர்லின் வாசகி

ப: 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஷ்டாட் நகரில் பவேரியக் கோமகன்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் பிறப்பித்த ஆணை அது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் பீரில் கூடாது. ஈஸ்ட் என்ன செய்கிறது என்று அன்று தெரியாததால் அதன் பெயர் அதில் இல்லை. பீரின் விலைக்கும் அதே ஆணை உச்சவரம்பு வைத்தது. 1906-ல் ஜெர்மனி முழுமைக்கும் வந்தது. விதிக்கு உட்படாத வெளிநாட்டுப் பீரையும் அங்கே விற்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1987-ல் சொன்ன பிறகும், உள்ளூர் ஆலைகள் பில்ஸை இப்படித்தான் காய்ச்சுகின்றன. பல நாட்டு லாகர்களில் (குளிரில் புளிக்கும் பீர்களில்) சேரும் அரிசியோ சோளமோ இதில் இல்லை. கரைசலின் புளிப்பைச் சரிசெய்ய அமிலம் ஊற்றவும் முடியாது. லாக்டிக் புளிப்பேறிய மால்ட்டைச் சேர்த்துச் சரிசெய்வார்கள்.

இங்கிலாந்தின் சில பீர்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைப் பயன்படுத்துவது உண்டு. ஜெர்மன் பில்ஸில் அது இல்லை. வடிகட்டித் தெளிய வைப்பார்கள். ஆக, பீர் சைவம்தான். மிகக் கறாராகப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: சில பாட்டில்களில் லேபிள் ஒட்டும் பசை பால் புரதத்தில் செய்தது. குளூட்டன் ஒவ்வாமை உள்ளவர்கள் பார்லியால் ஆன இதைத் தொடக்கூடாது.

கே: எங்கள் உணவகத்தில் புதிதாகக் குழாய் வைத்தோம். பில்ஸ் முழுக்க நுரையாக வருகிறது. வாயு அழுத்தத்தைக் குறைத்தால் இன்னும் மோசமாகிறது. ஏன்?
– ஹாகன் வாசகர்

ப: குறைத்ததுதான் தவறு. அழுத்தம் போதாவிட்டால், பீரில் கரைந்திருக்கும் வாயு குழாய்க்குள்ளேயே பிரிந்துவிடும். வெளியே வருவது பாதி நுரை. நாள் செல்லச் செல்லப் பீப்பாயில் உள்ள பீரும் சப்பென்று ஆகும்.

கணக்கு இப்படி. பில்ஸில் லிட்டருக்குச் சுமார் 5 கிராம் வாயு இருக்கும். பீப்பாய் 8 டிகிரியில் இருந்தால் அதை அடக்கி வைக்க 1.0 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வேண்டும். பீப்பாயிலிருந்து குழாய்வாய் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார். ஒவ்வொரு 5 மீட்டர் நீளத்துக்கும் 0.1. இணைப்புகளுக்காக 0.1. இரண்டு மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் நீளம் என்றால் மொத்தம் 1.4 பார். ஆலையிடம் அவர்கள் பீரின் வாயு அளவைக் கேட்டு இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பீப்பாய் வெதுவெதுப்பாக இருந்தால் இந்தக் கணக்கே பொய்த்துவிடும். வண்டியிலிருந்து இறங்கிய பீப்பாயை ஒரு நாள் குளிர் அறையில் அசையாமல் வைத்த பிறகே திறக்க வேண்டும்.

அடுத்துக் குழாயின் முகப்பு. பில்ஸுக்கு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பக்கநெம்புகோல் உள்ள குழாய் வேண்டும். ஊற்றும்போது கைப்பிடியை முழுக்கத் திறவுங்கள். பாதி திறந்தால் இடுக்கில் பீறிட்டு நுரைக்கும். முகப்பு பீருக்குள் முங்கவும் கூடாது. ஏழு நாளுக்கு ஒருமுறை குழாய்த் தடம் முழுவதையும் சுத்தம் செய்யுங்கள். உள்ளே படியும் ஈஸ்ட் படலம் நுரைக்கு ஒரு காரணம், புளித்த மோர் வாடைக்கும் அதுவே காரணம். முகப்பைத் தினமும் இரவில் கழற்றிக் கழுவ வேண்டும்.

கே: பில்ஸோடு என்ன சாப்பிடலாம்?
– பாரிஸ் வாசகர்

ப: உப்பும் எண்ணெயும் உள்ளது எதுவும். ஹாம்புர்க் பக்கம் உப்பில் பதப்படுத்திய ஹெர்ரிங் மீனை வெங்காயத்தோடு பன்னில் வைத்துத் தருவார்கள், அதற்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. சுட்ட ப்ராட்வூர்ஸ்ட் (இறைச்சித் தொத்து, சாசேஜ்), உருளைக்கிழங்கு வறுவல், உப்புத் தூவிய ப்ரெட்ஸல் எல்லாம் சேரும். நம் பக்கம் மிளகு போட்ட மீன் வறுவலும் வறுத்த வேர்க்கடலையும் நன்றாகப் போகும். காரக் குழம்போடு வேண்டாம். கசப்பும் வாயுவும் மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும். இனிப்போடும் வேண்டாம், பீர் வெறும் கசப்பாகத் தெரியும்.

கே: ஒரு பில்ஸ் குடித்துவிட்டுக் கார் ஓட்டலாமா? ஆல்கஹால் இல்லாத பில்ஸ் தேறுமா?
– கொலோன் வாசகர்

ப: அரை லிட்டர் பில்ஸில் சுமார் 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஜெர்மனியில் ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 வரம்பு. ஆனால் 0.3-லேயே தள்ளாட்டம் தெரிந்தாலோ விபத்து நடந்தாலோ தண்டனை உண்டு. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், உரிமம் பெற்று முதல் இரண்டு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கும் பூஜ்யம். சைக்கிளுக்கும் 1.6 என்று வரம்பு இருக்கிறது. காபியோ குளியலோ ஆல்கஹாலைச் சீக்கிரம் கரைக்காது. ஓட்டும் நாளில் தொடாதீர்கள். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

"ஆல்கஹால் இல்லாதது" என்ற பெயரில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். முற்றிலும் வேண்டாம் என்பவர்கள் லேபிளில் 0.0 என்று தேடுங்கள். ஆல்கஹால் இல்லாதவற்றில் பில்ஸ் வகை நன்றாகவே தேறியிருக்கிறது. கசப்பு முன்னால் நிற்பதால் குறை அதிகம் தெரிவதில்லை. வேகவைத்த சோளம் போலவோ, புளிக்காத மால்ட் சாறு போலவோ இனித்தால் வேறு ஆலையுடையதை வாங்கிப் பாருங்கள்.

கே: பில்ஸ் கிளாஸின் காலில் பூப்போல ஒரு காகிதத்தை மாட்டித் தருகிறார்களே, எதற்கு? கீழே வைக்கும் அட்டையில் கோடு போடுவது?
– முன்ஸ்டர் மாணவி

ப: காகிதம் வழியும் நுரையையும் கிளாஸில் வேர்க்கும் நீரையும் உறிஞ்ச. இல்லாவிட்டால் தூக்கிக் குடிக்கும்போது சட்டையில் சொட்டும். அட்டையில் போடும் கோடு உங்கள் கணக்கு: ஒரு கிளாஸுக்கு ஒரு கோடு, ஐந்தாவது குறுக்கே. காசு கொடுக்கும்போது அதைப் பார்த்தே கூட்டுவார்கள். அட்டையைக் கிழிக்கவோ நனைக்கவோ கூடாது. பாட்டிலாக வாங்கினால் கணக்கு வேறு: சாதாரணப் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் வைப்புத்தொகை, கம்பி மூடி பாட்டிலுக்கு 15, தகர டப்பாவுக்கு 25. அரை லிட்டர் பாட்டில் இருபது அடங்கிய பெட்டிக்கு, பெட்டியின் 1.50 யூரோவும் சேர்த்து 3.10 யூரோ. காலி பாட்டில்களைப் பெட்டியோடு கடையின் இயந்திரத்தில் தள்ளி, வரும் சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் முழுத்தொகையும் திரும்பி வரும்.